மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

காதை இறுக்கி மூடியிருந்தும் அந்தச் சத்தம் செண்பகவல்லியின் நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. விழுந்து, விலாவைத் தட்டி, முதுகு வழியாக இறங்கி, அவள் உட்கார்ந்திருந்த பலகைக்குள் போய் அடங்கியது. முருகா என்றாள். இரண்டாவது விழுந்தது. முருகா. மூன்றாவதற்குக் காத்திருந்தாள், அது வரவில்லை. வந்த சத்தத்தைவிட வராத சத்தம் பொல்லாததாக இருந்தது. பத்தடி முன்னால், சிமெண்டுத் தரையில் அடித்திருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், மகன் ராஜவேல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கையில் நேற்று வாங்கிய ரிவால்வர். அவனுக்கு எதிரே, வீட்டிலிருந்து தெருமுனை எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில், ஒட்டுப்பலகையில் அறுத்து மண்ணிறம் பூசிய கரடி ஒன்று நாலு காலில் நின்றது. கண் வரைந்தவன் என்ன நினைத்து வரைந்தானோ, அந்தக் கண்ணில் கோபம் தெரியவில்லை, பசிதான் தெரிந்தது. மூன்றாவது விழுந்தது. முருகா. மணி ஒன்பதரை இருக்கும். வீட்டில் மருமகள் மலர் தனியாக இருக்கிறாள். வயிற்றில் ஏழு மாசம். வீட்டுக்குப் பின்னால், ஷெட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு தட்டைக் கல்லின்மேல் நெய்ச் சோறும் நாலு உளுந்த வடையும் ஒரு கை பருப்புப் பாயசமும் இருக்கிறது. இன்றைக்கு அமாவாசை. வைத்தது செண்பகவல்லி. அங்கே அது இருப்பது உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இவனிடம் சொல்லிவிட வேண்டும். இந்த ஆறு குண்டு முடியட்டும், சொல்லிவிடலாம். நாலு. முருகா. ஆறு முகத்துக்கு ஆறு என்று எண்ணுவதற்கு வசதியாகத்தான் இருக்கிறது, இப்படி ஒரு சாமானுக்கு முருகனை எண்ணுகோலாக வைத்துக்கொண்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனாள், கன்னம் இருந்த இடத்தில் காதுமூடியின் ரப்பர்தான் கையில் பட்டது.

சொல்வதற்கு என்ன இருக்கிறது, நாலு வார்த்தை. ஏய்யா, நான் வெளியில சோறு வச்சிருக்கேன். அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் ரெண்டு மாசம் வரிசையாக நின்றது. சிவகாசியிலிருந்து மூன்று விமானம் மாறி இந்த அலாஸ்காவில் வந்து இறங்கிய அன்றைக்கே, காரிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டே அவன் சொன்னான். "ம்மா, இங்க ஒரே ஒரு சட்டந்தான். சாப்பாட்டுச் சாமான் ஒரு பருக்கைகூட வெளியில கிடக்கக் கூடாது. கரடி ஒரு தடவ ருசி கண்டுட்டா அப்புறம் வீட்ட விடாது." சரிய்யா என்றாள். சொல்லும்போது பொய் இல்லை, மனசாரத்தான் சொன்னாள். மறுநாள் விடியற்காலை, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்க, அவள் சோறு வடித்தாள். வடித்த சோற்றில் முதல் கையை அள்ளியது அவளா, அவள் கையா? முப்பத்தெட்டு வருஷமாக, காக்காவுக்கு வைக்காமல் ஒருவர் வாயிலும் சோறு போட்டதில்லை அந்தக் கை. பின்கதவைத் திறந்து ஷெட்டைச் சுற்றிக்கொண்டு போனாள், பனி காலை அறுத்தது, கல்லில் வைத்து "கா கா" என்றாள், வெட்கமாக இருந்தது, இந்த ஊர்க் காக்காவுக்கு அந்தக் கூப்பாடு புரியுமா? அப்போதுதான் வந்தது. நம்ம ஊர்க் காக்காவைப் போல ரெண்டு மடங்கு, சேவல் அளவு அண்டங்காக்கை. பறந்து வரவில்லை, நடந்து வந்தது. போய்ச் சேர்ந்த ராஜவேலின் அப்பா நடக்கிற மாதிரியே, தலையைக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்து, யாரையும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு. வந்து, அவளை ஒரு பார்வை பார்த்து, சோற்றைத் தின்றது. ஒரு பருக்கை விடாமல். அவள் அந்தப் பனியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அவன் வைத்ததை அவர் தொடவில்லையே, போன வருஷம். அதுதான் இத்தனைக்கும் காரணம். மாரடைத்துப் போனார், ஒரு வார்த்தை இல்லை. ராஜவேல் வேலை பார்க்கிற மீன் ஆலை இருக்கிற இந்த ஊரில் அப்போது ஆள் உயரம் பனி, ஐந்து நாள் விமானம் எழும்பவில்லை. அவர் தம்பி மகன்தான் கொள்ளி வைத்தான். இவன் வந்து சேர்ந்தது ஒன்பதாம் நாள். பதினாறாம் நாள் கண்மாய்க் கரையில் இவன் கையால் பிண்டம் வைத்தான். பத்து மணிக்கு வைத்தது. காக்காய்கள் வேலிக்கருவை மேல் உட்கார்ந்திருந்தன, ஒன்றுகூட இறங்கவில்லை. பதினொன்று ஆயிற்று. சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "ஏதோ குறை இருக்கு அவருக்கு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பன்னிரண்டரைக்கு ஐயர் எடுத்துத் தண்ணீரில் கரைத்துவிடச் சொன்னார். ராஜவேல் ஈர வேட்டியோடு நின்று மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சாயங்காலம், "காக்கான்னா காக்காதான்மா, அதுல என்ன இருக்கு" என்றான். அவள் கேட்காதபோது எதற்குச் சொன்னான்? அதற்குப் பிறகு அப்பா என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. ஆகவே அவர் இங்கே வந்து, இவன் மண்ணில், இவன் சம்பாதித்த அரிசியைத் தின்றார் என்றால் மனசு ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம்? வந்தவரை மறுநாளிலிருந்து வராதே என்றா சொல்ல முடியும்? வைத்தாள். தினமும் வைத்தாள். நின்று பார்க்க முடிந்ததில்லை, பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள், வைத்த கையோடு உள்ளே வந்துவிடுவாள். மத்தியானம் போய்ப் பார்த்தால் கல் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பசியாறிவிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வருவாள்.

ஐந்து. ஆறு. காலி. ராஜவேல் துப்பாக்கியைப் பக்கவாட்டில் திறந்து, வெற்றுத் தோட்டாக்களைக் கையில் கொட்டினான். சொல், இப்போது சொல். எழுந்தாள். ஆனால் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறியே இருந்தது. சிவப்பு இருக்கும்வரை பெஞ்சை விட்டு எழக்கூடாது, மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது, சுடுகிறவனைத் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது. பச்சை வந்தால்தான். வந்தவுடனேயே டோரா அதைக் கையைக் காட்டிக் காட்டிச் சொல்லியிருந்தாள். டோராதான் இந்த மைதானத்தில் சுடப் பழக்குகிறவள். செண்பகவல்லியைவிட ரெண்டு மூன்று வயது கூட இருக்கும், வெள்ளை முடியைப் பின்னிக் கட்டியிருந்தாள், வாயில் எதையோ மென்றுகொண்டே இருந்தாள், ஊரில் வெற்றிலை போட்டபடி வேலை வாங்குகிற கங்காணியம்மாள் மாதிரி. இப்போது செண்பகவல்லி எழுந்ததைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினாள். ஒற்றை விரல். செண்பகவல்லி உட்கார்ந்துவிட்டாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ஒரு விரலுக்கு உட்கார்ந்து பழகிய உடம்பு. டோரா அவனிடம் ஏதோ கேட்டாள், அவன் திரும்பிச் சிரித்தான். காதுமூடியைக் கொஞ்சம் தூக்கி, "நீ என்ன முணுமுணுக்கிறேன்னு கேக்கிறாங்கம்மா. சாமி கும்பிடுறேன்னு சொன்னேன். அவங்களுக்கும் சேத்துக் கும்பிடணுமாம். நான் சுடுற லட்சணத்துக்கு அவங்களுக்கும் தேவைப்படுமாம்" என்றான். அவளும் சிரித்தாள். வாய் சிரித்தது. ஏய்யா, வெளியில சோறு என்று தொடங்கிய நாக்கு, சிரிப்பு முடிவதற்குள் காய்ந்து ஒட்டிக்கொண்டது. அவன் திரும்பிக்கொண்டான்.

மலர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள். படுத்திருப்பாள். படுத்திருக்க வேண்டும், தாயே, அவளைப் படுக்க வை. பிள்ளைக்குச் சுற்றுவதற்கென்று அவருடைய பழைய வேட்டிகளைத் துவைத்து வைத்திருந்தாள். மெஷினில் காயவைத்தால் துணி செத்துப்போகும், வெயிலில் போடு தாயி என்று சொன்னது யார்? நான்தான். துணி காயப்போடுகிற கொடி கட்டியிருப்பது எங்கே? ஷெட்டை ஒட்டி. அதற்கும் நான்தான். இன்றைக்கு வெயில் வேறு அடிக்கிறது, ரெண்டு நாளாக இல்லாத வெயில். வாளியைத் தூக்கிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, அந்தப் பக்கம் போவாள். முந்தாநாளும் அந்தப் பக்கம்தான் போனாள். பத்து மணி இருக்கும், செண்பகவல்லி உள்ளே விளக்கேற்றிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பின்கதவு படார் என்று சாத்துகிற சத்தம். மலர் கதவில் சாய்ந்து நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை, ரெண்டு கையாலும் வயிற்றைக் கவ்விப் பிடித்திருந்தாள். "அத்தை, கரடி" என்றாள், சத்தமே வராமல். ஷெட்டு மூலையில் திரும்பியவள் எதிரே பத்தடியில் நின்றதாம். மூக்கைத் தூக்கித் தூக்கி மோந்ததாம். முதுகைக் காட்டாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து வந்தாளாம். குப்பைத் தொட்டி மூடியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன் என்று ராஜவேலிடம் சொன்னாள். அவன் ஆலையிலிருந்து ஓடிவந்து குப்பைத் தொட்டியைப் பார்த்தான், கார் கதவைப் பார்த்தான், பக்கத்து வீட்டு நாய்த் தீனியைப் போய்ப் பார்த்தான். "எதுக்குத்தான் வந்துச்சுன்னு தெரியலயே, எதுக்கு வந்துச்சு" என்று அறைக்குள் நடந்துகொண்டே இருந்தான். செண்பகவல்லி அடுப்படியில் ஒரே பாத்திரத்தை மூன்று தடவை கழுவினாள். சொல்லவில்லை. மறுநாள் வைக்கவும் இல்லை, அது சத்தியம். நேற்று வைக்கவில்லை. ஆனால் இன்றைக்கு அமாவாசை. அமாவாசையில் பட்டினி போட்டால் அவர் எங்கே போவார்? இந்த ஒரு நாள் மட்டும், எல்லாரும் வீட்டில் இல்லாத நேரம், மூன்று பேரும்தான் கிளம்புகிறோமே, திரும்பி வருவதற்குள் அவர் தின்றுவிடுவார் என்று கணக்குப் போட்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் மலர் சொன்னாள், "அந்தச் சத்தம் பிள்ளைக்கு ஆகாதாம், நான் வரல. அத்தை, நீங்க போயிட்டு வாங்க, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கீங்க." அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் நானும் இருக்கேன் தாயி என்று செருப்பைக் கழற்றியிருக்கலாம். ராஜவேல் காரைக் கிளப்பிவிட்டான். அந்தச் சாமானோடு அவனைத் தனியாக அனுப்பவும் மனசில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சாமி பெயரைச் சொன்னால் அது தப்பாக வெடிக்காது என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. ஏறிவிட்டாள்.

நேற்றுக் கடையிலேயே அவளுக்கு அந்தச் சாமானைப் பிடிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நகைக்கடை மாதிரி வெல்வெட்டு விரித்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று, பிடிக்குள் குண்டுக் கூட்டைச் செருகுவது, பதினைந்து குண்டு. ஒன்று, கைக்கு அடக்கமாக, எடையே இல்லாதது. மூன்றாவது இது, உருளை சுற்றுகிற பழைய மாதிரி, ஆறே குண்டு, அம்மிக் குழவி கனம். ராஜவேல் எடையில்லாததைத்தான் முதலில் எடுத்தான். கடைக்காரர் தலையை ஆட்டினார், லேசாக இருக்கிறதுதான் அதிகம் உதைக்கும், முதல் குண்டிலேயே மணிக்கட்டு போய்விடும் என்றார். பதினைந்து குண்டு சாமானைக் காட்டி, நிறையக் குண்டு, ஆனால் கை தளர்ந்து பிடித்தால் சிக்கிக்கொள்ளலாம், சிக்கினால் எடுத்துவிட நிதானம் வேண்டும், கரடி நிதானம் தராது என்றார். இதில் ஒரு குண்டு வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழு, அடுத்தது வந்து நிற்கும், யோசிக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் ராஜவேல் அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான், சின்னப் பிள்ளையில் பாடப் புத்தகத்தை அவளுக்கு வாசித்துக் காட்டுவானே, அந்தக் குரலில். அவளுக்குப் பிடித்தது பக்கத்தில் அடுக்கியிருந்த டப்பா ஒன்றுதான். மிளகாய்க் காரத்தைக் காற்றில் பீச்சி அடிக்கிற டப்பா. கரடி முகத்தில் அடித்தால் ஓடிவிடுமாம். "இது போதாதாய்யா?" என்றாள். மிளகாய் அவளுக்குத் தெரிந்த ஆயுதம், ஒரு வீடே அதற்குத் தும்மி அவள் பார்த்திருக்கிறாள். "அதுவும் வாங்குறேன்மா. காத்து எதிர்ல அடிச்சா நம்ம முகத்துக்கே வரும். மலர வச்சுக்கிட்டு நான் ரெண்டும் இல்லாம இருக்க முடியாது" என்றான். அந்த டப்பா இப்போது வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல், பிரிக்காமல், பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது. பிரிக்காமல். கத்திரி இல்லாமல் பிரிக்க முடியாத உறை. கத்திரி எந்த இழுப்பறையில்?

டோரா இப்போது அவன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக் குண்டு போட்டுக் கொடுத்தாள். அவன் நீட்டிப் பிடித்தான். வெடித்தது. முருகா. இரண்டாவது இழுத்தான், வெடிக்கவில்லை, ஆனால் வெடித்த மாதிரியே துப்பாக்கி கீழே குனிந்தது. அவன் தோள் குலுங்கியது. அவன் பயத்தைப் பார்க்க டோரா நடுவில் கலந்து போட்டது வெடிக்காத வெற்றுத் தோட்டா. சத்தமே வராத இடத்தில் அவன் சத்தத்துக்குப் பயந்திருக்கிறான். டோரா சிரிக்கவில்லை, தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள், இரண்டு விரலால் இமையை மூடித் திறந்து காட்டினாள். கண்ணை மூடுகிறான். இழுக்கும் முன்னாலேயே மூடுகிறான். அது டோராவுக்கு இன்றைக்குத் தெரிகிறது, எனக்கு முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும். பட்டாசு ஆலைப் போர்மேன் அய்யாத்துரையின் மகனுக்கு வெடி என்றால் பயம். தீபாவளிக்குத் தெருவே அதிரும், இவன் கட்டிலுக்கடியில். "எம் மவனுக்கு நானே ஊதுபத்தியப் பிடிச்சுக் கொடுக்கணும் போல" என்று அவர் சிரிப்பார். கையைப் பிடித்துக் கூட்டிவந்து திரியில் நெருப்பை வைக்கச் சொல்வார், பையன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு திரி இல்லாத இடத்தில் வைப்பான். காற்று மாறி அடித்தது, வெடிமருந்துப் புகை பெஞ்சுக்கு வந்தது. அவருடைய சட்டை வாசம். அதே இல்லை, கந்தகம் குறைவு, ஆனால் அந்தக் குடும்பத்துப் புகைதான். மருந்துக் கலவை அறையில் செருப்பில்லாமல், இரும்புச் சாமான் எதையும் அண்டவிடாமல், வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு அவர் நடப்பார். அவசரம் என்று ஒருவன் ஓடினால் அன்றைக்கே அவனை வெளியே அனுப்பிவிடுவார். என் மாமனார் அத்தனை பெரிய மருந்து அறையை ஆண்டார், ஒரு விரல் போகவில்லை ஒருத்தருக்கும் என்று மலர் பெருமையாகச் சொல்லுவாள், அவர் போனபிறகு கல்யாணமாகி வந்தவள், பார்த்தேயிராத மாமனாரைப் பற்றி. அந்த மனுஷருக்கு வைத்த சோறு என் மருமகளைக் கரடிக்குக் காட்டிக் கொடுத்தது என்று எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் இவன் என்ன செய்வான்? கத்த மாட்டான். கத்தினால் பரவாயில்லை. காக்கான்னா காக்காதான்மா என்பான், அந்தச் சாயங்காலக் குரலில். அதை இன்னொரு தடவை கேட்க முடியாது. ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவான். போடட்டும். பிரசவத்துக்கு ஆள் இல்லாமல் அந்தப் பெண் தனியாக. தனியாக இப்போது. மணி என்ன? பத்து. முந்தாநாள் அது வந்த நேரம்.

டோரா ஆறு குண்டையும் புதிதாகப் போட்டு, துப்பாக்கியை அவன் நெஞ்சு உறையில் செருக வைத்துவிட்டுக் கையை உயர்த்தினாள். எங்கேயோ ஒரு மோட்டார் உறுமியது, பெஞ்சுக் கால்களில் அதிர்வு ஏறியது. பலகைக் கரடி ஒரு சின்னத் தள்ளுவண்டிமேல் நின்றிருப்பதை அப்போதுதான் செண்பகவல்லி கவனித்தாள். கயிறு விறைத்தது. அது வந்தது. அவ்வளவு வேகமாக ஒரு பலகை வரும் என்று அவள் நினைக்கவில்லை, ஒன்று, இரண்டு, ராஜவேல் நெஞ்சில் கட்டிய உறையிலிருந்து துப்பாக்கியை உருவினான், விரல் வாரில் மாட்டியது, மூன்று, வெடித்தது, கரடிக்குப் பின்னால் மண் பறந்தது, கண்ணை மூடாதே ராசா, கண்ணை மூடாதே, நாலு, கரடி வந்து அவன் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அந்தப் பசித்த கண். அவள் பார்த்தது பலகையை இல்லை. ஷெட்டு மூலை, கொடியில் ஈர வேட்டி, வாளி, வேட்டிக்குக் கீழே தெரிகிற ரெண்டு பாதம். எழுந்தது தெரியாது. நடந்தது தெரியாது. காதுமூடி எப்போது கழன்று விழுந்தது தெரியாது. "ராஜவேலூ!" என்று அவன் தோளைப் பிடித்தபோது மஞ்சள் கோடு அவள் காலுக்குப் பின்னால் போயிருந்தது.

அவன் திரும்பினான். திரும்பும்போது கையும் சேர்ந்து திரும்பியது. ஒரு கணம், வட்டமான கறுப்பு ஒன்று அவள் சேலை முந்தானைக்கு நேராக வந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. அவ்வளவுதான் தோன்றியது, இருட்டாக இருக்கிறதே. அதற்குள் டோராவின் கை அவன் மணிக்கட்டின்மேல் விழுந்து தரையைப் பார்த்து அழுத்தியது. டோரா கத்தியது இங்கிலீஷ், ஆனால் எந்த ஊர்க்காரிக்கும் புரிகிற கத்தல். டோரா துப்பாக்கியைப் பிடுங்கித் திறந்து, ஐந்து குண்டையும் மேஜைமேல் கொட்டினாள். அவை உருண்டன. ராஜவேலின் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. "சுட்டிருப்பேனேம்மா" என்றான். "விரல் உள்ள இருந்துச்சும்மா. உன்னச் சுட்டிருப்பேனே. என்னம்மா இது, என்னம்மா?" "ஏய்யா" என்றாள், "நான் வெளியில சோறு வச்சிருக்கேன்." அவனுக்குப் புரியவில்லை. "ஷெட்டுக்குப் பின்னாடி. அமாவாசைச் சோறு. வந்த நாள்ள இருந்து வைக்கேன். அதுக்குத்தான் அது வந்துச்சு. அங்க மலரு தனியா இருக்கா. நீ போன் பண்ணு, திட்டுறத அப்புறம் திட்டு, இப்ப போன் பண்ணு." அவன் அவளையே பார்த்தான். கோபம் வரப்போகிறது என்று அவள் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள். போனை எடுக்கப் பைக்குள் கையை விட்டவன், விட்டபடியே, சின்னக் குரலில் கேட்டான்: "காக்கா எடுத்துச்சா?" அவள் இதை எதிர்பார்க்கவில்லை. "எடுத்துச்சுய்யா" என்றாள். "மொத நாளே. நின்னு தின்னுச்சு. என் கண்ணால பாத்தேன்."

அவர்கள் நின்ற கொட்டகைக்குள் சிக்னல் இல்லை. வாசல் கேட் வரைக்கும் ஓடினார்கள், அவன் முன்னால், அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால். ஸ்பீக்கரில் போட்டான். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி அடித்தது. பத்ரகாளி, என்னை எடுத்துக்கோ, அந்தக் கறுப்பு ஓட்டைக்குள்ளேயே என்னை அனுப்பியிருக்கலாமே, அவளை விடு. நின்றது. மூன்றாவது தடவை அடிக்கும்போது அவன் கார் கதவைத் திறந்திருந்தான். "என்னங்க?" என்றாள் மலர். மூச்சு வாங்கியது. "எங்க இருக்க?" "பாத்ரூம்ல இருந்தேன், அதுக்குள்ள எத்தன தடவ அடிப்பீங்க, அத்தைக்கு எதுவுமா?" "ஷெட்டுப் பக்கம் போகாத. பின்கதவப் பூட்டு. அம்மா அங்க சோறு வச்சிருக்கா." "தெரியும்" என்றாள் மலர். "நீங்க கார எடுத்ததுமே போய் எடுத்துட்டு வந்துட்டேன். தினமும் எடுக்கிறதுதான்." ராஜவேல் காரின் கூரையில் கையை ஊன்றினான். "முந்தாநாளும் அதுக்குத்தான் போனியா?" "ஆமா. அத்தைகிட்ட சொல்லிறாதீங்க. மாமாவுக்கு வைக்கிறது. நான் எப்படி வைக்காதீங்கன்னு சொல்ல?"

அன்றைக்கு அவள் போனது குப்பைத் தொட்டிக்கு இல்லை. இந்தப் பெண், தினமும், நான் விளக்குக்கு முன்னால் கண்ணை மூடுகிற நேரம் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்தக் கல்லைத் துடைத்திருக்கிறாள். பசியாறிவிட்டீங்களா என்று நான் கேட்ட கல். கரடிக்கு முன்னால் அவள் நின்றபோது கையில் என் சோறு இருந்திருக்கிறது. செண்பகவல்லி மகன் கையிலிருந்து போனை வாங்கினாள். "மலரு" என்றாள். "ஐயோ, அத்தையா" என்றது போன். "காக்கா வரவே இல்லையா தாயி?" "நான் பாத்ததில்ல அத்தை. எப்பவாச்சும் ரெண்டு பருக்கை கொத்தியிருக்கும். இன்னிக்கு அப்படியே இருந்துச்சு." ராஜவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மைதானத்துக்கு அப்பால் மரங்களைப் பார்த்தான். கண்மாய்க் கரையில் பார்த்த மாதிரியே. முதல் நாள் வந்தது பொய்யில்லை, அவள் பனியில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு தடவை வந்து, மகன் வீட்டைப் பார்த்து, ஒரு வயிறு தின்றுவிட்டு, போதும் என்று போயிருக்கலாம். அவர் அப்படித்தான், கல்யாண வீட்டிலும் முதல் பந்தியில் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுவார். நான்தான் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், கேட்கிறவர் இல்லாத இடத்தில், கேட்கக் கூடாததற்கெல்லாம் கேட்கிற மாதிரி. "இனிமே வைக்க மாட்டேன்" என்றாள். மலரிடம் சொன்னாளா, அவரிடமா, மரத்தைப் பார்த்து நின்ற இவனிடமா. "எடுத்தத என்ன செஞ்ச?" "சோத்தையும் பாயசத்தையும் மூடிபோட்ட தொட்டியில போட்டுட்டேன் அத்தை. தப்பா நெனச்சுக்காதீங்க. வடைய மட்டும்..." "வடைய?" "நாலையும் தின்னுட்டேன். காலைல நீங்க போடும்போதே வாசனை தாங்கல. படைக்கிறதாச்சேன்னு கேக்கல." செண்பகவல்லி கார் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சட்னிகூட இல்லாமயா தின்ன?" என்றாள். "மாவு இன்னும் இருக்கு தாயி. தாழ்ப்பாளப் போட்டுட்டு உள்ளயே இரு, வந்து சுடச்சுடப் போட்டுத் தாரேன்." பக்கத்தில் ராஜவேல் துப்பாக்கி பிடித்த வலது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றான், துடைத்த கையை விரித்துப் பார்ப்பதும் மறுபடி துடைப்பதுமாக.